தடைக்காலத்தில் ஒரு கலைப் பருவம்

வடசென்னையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு சமூகக் கலை மையத்தில் 6 ஆண்டுகள் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினேன். 200 பேர் அமரக்கூடிய அரங்கம், அதை ஒட்டிக் கண்காட்சிகளுக்கென ஒரு நீண்ட கூடம், பின்புறம் வேப்பமரம் நிற்கும் மண்தரை முற்றம், இவ்வளவுதான் எங்கள் மையம். ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு நிகழ்ச்சிகளையும் கண்காட்சிகளையும் தொடர்ந்து நடத்துவது அதன் முதன்மையான வேலையாக இருந்தது. அந்த எட்டு வாரங்கள் ஆண்டின் எந்தப் பகுதியில் அமைய வேண்டும் என்பதை உணர எனக்கு 3 ஆண்டுகள் பிடித்தன.

நான் பொறுப்பேற்றபோது மார்கழிதான் எங்கள் பருவம். சென்னையில் கலை நிகழ்ச்சி நடத்தும் எவருக்கும் வேறு மாதம் தோன்றாது. 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிக் கூட்டப்பட்ட இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. அதன் ஆண்டு விழா டிசம்பரில் நிலைபெற்று, மற்ற சபைகளும் அந்த மாதத்தையே பற்றிக்கொண்டதால், இந்த நகரத்தின் கலை நாட்காட்டியே மார்கழியைச் சுற்றி அமைந்துவிட்டது. அந்த நாட்காட்டியின் எல்லைகளை விரித்தவர்களும் இருக்கிறார்கள். 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா கர்நாடக இசையை மீனவக் குப்பத்தின் மணலுக்குக் கொண்டுவந்தது. 2020இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ பறைக்கும் கானாவுக்கும் அதே மாதத்தில் மேடை கேட்டு வாங்கியது. அந்த இரண்டு முயற்சிகள் மீதும் எனக்கு இன்றளவும் மிகுந்த மதிப்பு உண்டு. ஆகவே எங்கள் மையமும் மார்கழியில் பறை, தெருக்கூத்து, பொம்மலாட்டம், நாதஸ்வரம் என்று நிரல் வகுத்தபோது, நாங்கள் சரியான திசையில் செல்வதாகவே நம்பினேன்.

அரங்கம் நிறையத்தான் செய்தது. மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் வந்த ரசிகர்கள் தங்கள் வாகனங்களை எங்கள் சந்தில் நிறுத்த இடமின்றித் தவித்தார்கள். நாளிதழ்களில் படங்கள் வெளிவந்தன. நிர்வாகக் குழுவும் மகிழ்ந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் கணக்கு எழுதுவதற்காக வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான், முகவரிப் பத்தியில் எங்கள் தெருக்களின் பெயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன என்பதைக் கண்டேன். சமூகக் கலை மையம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு, அந்தச் சமூகத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்ற எண்ணம் பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை.

மையத்திற்கு எதிரே மாலை நேரங்களில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம், நிகழ்ச்சிகளுக்கு ஏன் வருவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். அவர் செதில் தேய்த்தபடியே சொன்னார்: “மார்கழில எங்க வூட்டு ஆம்பளைங்க கடல்ல இருப்பாங்கம்மா. நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலத்துக்குப் போவணும். ஏழு மணிக்கு உன் கச்சேரில குந்தினு இருந்தா, எப்ப தூங்கறது?” விசைப்படகுகள் கடலுக்குச் சென்றால் நாள்கணக்கில் திரும்புவதில்லை என்பதும், துறைமுகத்தில் நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை சூடுபிடிக்கிறது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் நிரல் வகுக்கும்போது அவற்றை நான் கணக்கில் கொள்ளவே இல்லை.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தைக் கருதி விதிக்கப்படும் இத்தடை முன்பு 45 நாட்களாக இருந்து, 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் படகுகளைப் பழுதுபார்ப்பது, வண்ணம் அடிப்பது, வலைகளைச் சரிசெய்வது என்று பகலெல்லாம் வேலை இருக்கும்; ஆனால் மாலையில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், ஏலம் குறைந்திருக்கும், பள்ளிகளுக்கும் மே மாதம் விடுமுறை. எங்கள் பகுதிக்கென்று ஓர் ஓய்வுப் பருவம் இருக்குமானால் அது இதுவே. பருவத்தைத் தடைக்காலத்திற்கு மாற்றலாம் என்று நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கொடுத்தேன்.

எதிர்ப்புகள் நியாயமானவையாகவே இருந்தன. கத்திரி வெயிலில் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். டிசம்பர் விழாவுக்கென்றே நன்கொடை அளித்துவந்த ஒரு நிறுவனம் மாதம் மாறினால் தங்களுக்கு விளம்பரப் பயன் இல்லை என்று விலகிக்கொண்டது. தடைக்காலத்தில் குடும்பங்களின் வருமானம் சுருங்கிவிடும், அரசின் நிவாரணத் தொகை முழுச் செலவுக்கும் போதாது என்பதால் நுழைவுக் கட்டணம் வைப்பதற்கும் வழியில்லை. கலைஞர்களின் ஊதியத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைப்பதில்லை என்பதில் நான் உறுதியாக நின்றேன். ஆகவே நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தோம். வாரத்திற்கு ஒரே நிகழ்ச்சி என்று ஆனதால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான்கைந்து வெற்று நாட்கள் கிடைத்தன. நிரலில் வெற்றிடம் இருப்பதைத் தோல்வியாகக் கருதிவந்த எனக்கு, அந்த நாட்களில்தான் மையத்தின் உண்மையான வேலை நடக்கிறது என்பது மெல்லப் புரிந்தது.

கண்காட்சியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு, பகுதி இளைஞர்கள் சிலர் துறைமுக வாழ்க்கையை எடுத்த ஒளிப்படங்களைக் கூடத்தில் மாட்டினோம். கடற்காற்று படும் இடத்தில் சாதாரண இரும்பு ஆணிகள் ஒரு வாரத்தில் துருவேறிச் சுவரிலும் சட்டத்திலும் கறையை இறக்கிவிடும்; பித்தளைக் கொக்கிகளுக்கு மாறினோம். தாளில் அமைந்த படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் வெளிச்சமே பாதுகாப்பானது என்பது அருங்காட்சியக நடைமுறை. எங்கள் கூடத்தின் மேற்குச் சன்னல்களோ மாலை வெயிலை நேராகப் படங்களின் மீது கொட்டின. அடர்த்தியான பருத்தித் துணியைத் திரையாகத் தைத்துத் தந்தவர்கள் பக்கத்துத் தெருப் பெண்கள்தான். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தையும், குழந்தைகள் அதிகம் வருவார்கள் என்பதால் 20 சென்டிமீட்டர் தாழ்த்திக்கொண்டோம்.

திறந்து இரண்டாம் நாள், படகு வேலையிலிருந்து நேராக வந்த முதியவர் ஒருவர் ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றார். படத்தின் கீழே ‘வலை பின்னும் மீனவர்’ என்று நான் எழுதியிருந்தேன். “இது பின்னுறது இல்லம்மா, பொத்துறது. கிழிஞ்ச வலை. பின்னுறவன் இப்பிடிக் குந்த மாட்டான்” என்றார். அன்று மாலையே மற்றப் படங்களின் விளக்க அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவரோடும் அவருடைய நண்பர்களோடும் அமர்ந்து, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பல அட்டைகளில் என் சொற்கள் பொதுவானவையாகவும் அவர்களுடைய சொற்கள் துல்லியமானவையாகவும் இருந்தன. மறுநாளிலிருந்து அவர்கள் தங்கள் குடும்பத்தாரை அழைத்துவந்து, அட்டைகளைப் படித்துக் காட்டத் தொடங்கினார்கள்.

பறையாட்டம் வேறொரு பாடத்தைத் தந்தது. வேப்பமரச் சட்டத்தில் கன்றுத்தோலை இழுத்து ஒட்டிய பறை, நெருப்பில் காய்ச்சினால்தான் தொனிக்கும். குளிரூட்டப்பட்ட அரங்கத்தில் சில நிமிடங்களிலேயே தோல் தளர்ந்து ஒலி மந்தமாகிவிடும். மார்கழிப் பருவங்களில், அரங்கத்திற்குள்ளும் அதை ஒட்டியும் நெருப்பு மூட்டக்கூடாது என்ற விதியைக் காட்டி, நெருப்பு தேவைப்படாத செயற்கைத் தோல் பறைகளைக் கொண்டுவரும்படி கலைஞர்களிடம் கேட்டிருந்தேன். அவர்களும் கொண்டுவந்தார்கள், வாசித்தார்கள், கைதட்டலும் கிடைத்தது. இப்போது எங்களிடம் முற்றமும் நேரமும் இருந்தன. வேப்பமரத்திலிருந்து தள்ளி ஓர் இடத்தைத் தேர்ந்து, மணல் வாளிகளையும் தண்ணீரையும் அருகே வைத்து, வைக்கோல் தீ மூட்ட ஏற்பாடு செய்தோம். பறையைத் தீயின்மீது சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சும் அந்த அரை மணி நேரத்தைப் பார்க்கவே பிள்ளைகள் மதில்மேல் ஏறி அமர்ந்துவிட்டார்கள். முதல் அடி விழுந்தபோது பக்கத்துச் சந்துகளில் இருந்தவர்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள்.

இனி கூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த இரவுதான். மார்கழியில் வட மாவட்டக் குழு ஒன்றின் ‘கர்ண மோட்சம்’ கூத்தை ஒன்றரை மணி நேரத்திற்குச் சுருக்கித் தரும்படி கேட்டிருந்தேன். போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் இடையிலான நீண்ட தர்க்கத்தைத்தான் முதலில் வெட்டச் சொன்னேன். குழுவை நடத்தும் வாத்தியார் மறுக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து வேடம் கலைத்துக்கொண்டிருந்தபோது மட்டும், “கர்ணனைச் சாகடிக்க ஒன்றரை மணி நேரம் போதும்மா. அவனுக்காக அழுறதுக்குத்தான் விடியணும்” என்றார். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

பருவத்தை மாற்றியபோது, முழு இரவும் ஆடித் தரும்படி அதே வாத்தியாரிடம் கேட்டேன். அப்போதுதான் இன்னொரு நாட்காட்டி குறுக்கிட்டது. பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் காலம். கூத்துக் குழுக்கள் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருக்கும். மார்கழியில் அவர்கள் எங்களுக்குக் கிடைத்ததே அது அவர்களுக்கு வேலை இல்லாத காலம் என்பதால்தான். இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரே ஓர் இரவு மிச்சமிருப்பதாகச் சொன்னார். அது மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சனி, ஞாயிறு அல்லாத நாளில் யார் வருவார்கள் என்று நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். தடைக்காலத்தில் எங்கள் பகுதிக்கு எல்லா நாளும் ஒன்றுதான் என்று பதில் சொன்னேன்.

முற்றத்தில் பாய்களை விரித்தோம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி பயன்படுத்தக்கூடாது என்பதால், காவல் நிலையத்தில் முன்கூட்டியே பேசி, அந்த நேரத்தோடு ஒலிவாங்கிகளை நிறுத்திவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தோம். பத்து மணிக்கு ஒலி அடங்கியதும் கூட்டம் கலைந்துவிடுமோ என்று அஞ்சினேன். மாறாக, எல்லோரும் பாய்களை இழுத்துக்கொண்டு ஆடுகளத்தை நெருங்கி அமர்ந்தார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும், அவற்றை மீறி எழும் பாட்டுக் குரலும் அந்த முற்றத்திற்குப் போதுமானவையாக இருந்தன. எத்தனையோ தலைமுறைகளாக ஒலிவாங்கி இன்றி ஆடி வந்த கலை அல்லவா அது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் டீசல் விலையையும் நிவாரணத் தொகையையும் தன் பேச்சுக்குள் இழுத்துவந்தபோது சிரிப்பொலி சந்து முனை வரை கேட்டது.

பொன்னுருவி வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வழக்கமாக எங்கள் பெண்கள் கூடைகளோடு துறைமுகத்திற்கு இறங்கும் நேரம் அது. போகாதே என்று அவள் கணவனை மறித்து நின்று பாடிய பாட்டு முக்கால் மணி நேரம் நீண்டது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பெண்களில் ஒருவரும் அசையவில்லை. எதிர்க்கடை அம்மா முந்தானையால் வாயை மூடியபடி அழுதுகொண்டிருந்தார். நான் வெட்டச் சொன்ன பகுதி அதுவே என்ற நினைவோடு, கூடத்தின் படிக்கட்டில் அமர்ந்து முழுவதையும் கேட்டேன். கர்ணன் விழுந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது.

மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் இவ்வாறு அமையவில்லை. நாதஸ்வரக் கச்சேரியன்று மின்தடையால் அரங்கம் வெந்தது; மயிலாப்பூர் ரசிகர்கள் பெரும்பாலோர் வரவில்லை, அது எனக்கு வருத்தமே. நன்கொடை இடைவெளியை நான் பணியிலிருந்த கடைசி ஆண்டு வரை முழுமையாக ஈடுகட்ட முடியவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் எங்கள் தெருப் பெயர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. எழுதத் தெரியாதவர்களுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பெயர்களும் அவற்றில் அடக்கம்.

பருவத்தை மாற்றிய முதல் ஆண்டில் நிறைவு நாளை ஜூன் 14 என்று அச்சிட்டுவிட்டேன். தடை முடியும் அன்று படகுகளில் ஐஸ் ஏற்றுவதும் டீசல் நிரப்புவதும் வலைகளைச் சேர்ப்பதுமாகத் துறைமுகமே இயங்கிக்கொண்டிருந்ததால், நிறைவு விழாவில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. அடுத்த ஆண்டிலிருந்து ஜூன் 11ஆம் தேதியே நிகழ்ச்சிகளை முடித்து, 12ஆம் தேதி காலையில் கண்காட்சியைக் கழற்றத் தொடங்கினோம். படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, தாள் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கியவர்கள் அவற்றை எடுத்த இளைஞர்களும் அவர்களுடைய அண்ணன்மாரும்தான். நண்பகலுக்குள் கூடம் வெறுமையானது. வெளியே ஐஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பெட்டியைக் கட்டி முடித்த பையன் கையைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, நான் கெளம்புறேன், போட்டுல வேலை கெடக்குது” என்று சொல்லி அந்த வண்டிகளின் பின்னே ஓடினான்.