மலுவாச்சையாவது விட்டுவிடாதீர்கள், சன்ஸ்

என்பிஏ டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் இரவு. அது நடக்கும் புரூக்ளினில் இரவு எட்டு மணி என்றால் இங்கே டர்பனில் விடிகாலை இரண்டு. ஜூன் குளிரில் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவே அடங்கிக் கிடந்தது. நானும் அக்கா மகனும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். "காலைல பள்ளிக்கூடம் இருக்கு, மாமனுக்கும் மருமகனுக்கும் அறிவு இருக்கா" என்று அக்கா கேட்டாள், ஆனாலும் ஃபிளாஸ்கில் டீயும் ஒரு டப்பா ரஸ்க்கும் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

2025 என்பிஏ டிராஃப்டின் முதல் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யாருக்கு முதல் இடம் என்று முடிவு செய்யும் லாட்டரியில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸுக்கு கூப்பர் ஃபிளாக் கிடைத்துவிட்டான். பிப்ரவரியில் தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை விற்ற டீமுக்கு மே மாதத்தில் இப்படி ஒரு அதிர்ஷ்டம், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த நான்கு இடங்களில் ஹார்ப்பர் சான் அன்டோனியோவுக்கு, எட்ஜ்கோம்ப் பிலடெல்பியாவுக்கு, க்னூப்பல் சார்லட்டுக்கு, பெய்லி யூட்டாவுக்கு. எல்லாம் சரி. நாங்கள் விழித்திருந்தது என் டீம் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு வரவிருந்த பத்தாவது இடத்துக்காக, அதில் கமான் மலுவாச்சுக்காக.

தெற்கு சூடானில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்த பையன். கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவன் 13 வயதில்தான் கூடைப்பந்துக்கு வந்தான். செனகலில் உள்ள என்பிஏ அகாடமி, அப்புறம் ஆப்பிரிக்க லீக்கான பிஏஎல், 17 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ், பிறகு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம். இவ்வளவும் முடிந்து டிராஃப்ட் அன்று அவனுக்கு 18 வயதுதான். உயரம் 7 அடி 2 அங்குலம்.

இந்த பிஏஎல்லின் இறுதிப் போட்டி இரண்டு வாரத்துக்கு முன்னால் பிரிட்டோரியாவில் நடந்தது, நானும் மருமகனும் காரிலேயே போய்ப் பார்த்தோம். ஜூன் 14, அதே நாள் மதியம்தான் லார்ட்ஸில் பவுமாவின் அணி ஆஸ்திரேலியாவை வென்று டெஸ்ட் சாம்பியன் ஆனது, அரங்கத்துக்குள் பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாரும் கிரிக்கெட்டையே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கூடைப்பந்தின் இடம் அவ்வளவுதான். ஆனால் லிபியாவின் அல் அஹ்லி திரிப்போலி ஆட ஆரம்பித்ததும் என் மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளி அணியில் அவனும் மலுவாச்சைப் போல சென்டர்தான், கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் உயரமான ஆள்.

ஒன்பதாவது இடம் டொரன்டோவுக்கு. அங்கேதான் எனக்குப் பயம், ஏனென்றால் 2024 டிராஃப்டில் இதே செனகல் அகாடமியிலிருந்து வந்த உல்ரிச் சோம்சேவை ட்ரேடில் வாங்கியவர்கள் அவர்கள். நல்லவேளை, மரே-பாய்ல்ஸின் பெயரைச் சொன்னார்கள். அடுத்து என்பிஏ ஆணையர் ஆடம் சில்வர் மைக்குக்கு வரும்போது மருமகன் டீயில் தோய்த்த ரஸ்க்கை வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிட்டான், அது பாதியாக உடைந்து டம்ளருக்குள் விழுந்தது, அவன் குனிந்து பார்க்கக்கூட இல்லை. பெயர் வந்தது. மேஜையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய உடம்பு அப்படியே அழுதது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மேடையில் அவன் தலையில் இருந்தது ஹூஸ்டன் தொப்பி. கெவின் டுராண்டை சன்ஸ் ஹூஸ்டனுக்குக் கொடுத்த ட்ரேடில் (ஆள், இடப் பரிமாற்றத்தில்) அந்த இடம் ஃபீனிக்ஸ் சன்ஸுக்குத்தான் வரவிருந்தது, பேப்பர் வேலை முடியாததால் ஹூஸ்டன் பெயரில் அறிவித்தார்கள். அதனால் மலுவாச் என் டீம்.

டர்பன்காரனுக்கு ஃபீனிக்ஸ் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், ஸ்டீவ் நாஷ். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். நிறவெறி ஆட்சி வேண்டாம் என்று பெற்றோர் கைக்குழந்தையோடு கனடாவுக்குப் போய்விட்டார்கள். 1996 டிராஃப்டில் 15-ஆவது இடத்தில் சன்ஸ் அவரை எடுத்தபோது ஃபீனிக்ஸ் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். இரண்டே வருடத்தில் டல்லாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து 2005, 2006 என்று இரண்டு முறை எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினார்.

2004 இன்னும் வலிக்கும். டியூக்கில் ஒரே வருடம் ஆடிய தெற்கு சூடான் பையன் லுவால் டெங்கை ஏழாவது இடத்தில் எடுத்து, அதே இரவில் சிகாகோவுக்குக் கொடுத்தார்கள். அவர் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார். இன்றைக்கு தெற்கு சூடான் கூடைப்பந்து சம்மேளனத்தின் தலைவர் அவர்தான், 2024 ஜூலையில் லண்டனில் அமெரிக்காவிடம் ஒரே ஒரு புள்ளியில், 100-101 என்று தோற்ற அணியைக் கட்டியவரும் அவர்தான். அந்த அணியில் இருந்த பையன், அதே டியூக், இப்போது அதே ஃபீனிக்ஸ். இதை மருமகனிடம் சொன்னபோது, "அப்ப இவரையும் வித்துடுவாங்களா மாமா?" என்றான்.

விற்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் வந்த செய்தி என்னை எழுந்து நடக்க வைத்தது. சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸ், இன்னொரு டியூக் சென்டர், அவருக்காக 29-ஆவது இடத்தையும் பின்னால் வரும் ஒரு முதல் சுற்று இடத்தையும் தூக்கிக் கொடுத்தார்கள். பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணி வாங்கி, உடல் பரிசோதனை பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆள்! டீமில் உயரமானவர்கள் இல்லை என்பது உண்மைதான். அதற்காக 18 வயதுப் பையனைக் கூட்டிவந்த அதே ராத்திரியில் அவனுக்கு மேலே ஒருவரை உட்கார வைக்க வேண்டுமா? அவனுக்கு வேண்டியது ஆட்ட நிமிடங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஏப்ரலில் கல்லூரி சாம்பியன்ஷிப் அரையிறுதியில் டியூக் தோற்ற ஆட்டத்தில் மலுவாச் ஒரு ரீபவுண்டுகூட (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுக்கவில்லை, பந்து விழும் இடத்துக்கு அவன் கால் ஒரு நொடி பிந்தியே போனது. ஆனால் அந்த சீசன் முழுக்க 71 சதவீத ஷாட்டுகள் உள்ளே, ஃப்ரீ த்ரோ 76 சதவீதத்துக்கு மேல். பந்தைத் தொட்டு ஐந்தாறு வருடமே ஆன ஒருவனின் கை இது. கால் வேகம் ஆடினால் வரும், பெஞ்சில் உட்கார்ந்தால் வராது.

ஜூலையில் லாஸ் வேகாஸில் சம்மர் லீக், புது ஆட்டக்காரர்கள் ஆடும் கோடைக்கால ஆட்டங்கள். அங்கே இரவில் ஆடினால் எங்களுக்கு விடிகாலை. அக்காவிடம் இப்போதே சொல்லிவிட்டேன், அப்போது பள்ளி விடுமுறை, திட்ட முடியாது. மருமகன் தூங்கவே இல்லை, ஆறு மணிக்குப் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.