திங்கட்கிழமைக் குளிசை

கிளினிக் நாளில் மருந்து யன்னலில் நின்றால் ஒரு கேள்வி தப்பாமல் வரும். "தம்பி, எனக்கு ஊசி ஒண்டும் எழுதேல்லையோ?" வன்னியில் பலருக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி. குளிசையோடு மட்டும் திரும்புகிறவரின் முகமே சரியிருக்காது. படித்தது வேறாக இருந்தும் நானும் தொடக்கத்தில் ஊசிதான் பலம் என்று மனசுக்குள் நினைத்திருந்தேன்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் குளிசையாகவும் வருகிறது, ஊசியாகவும் வருகிறது, மருந்து ஒன்றுதான். கிழமைக்கு 15 மில்லிகிராமைத் தாண்டினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, அங்கேதான் தோலுக்குக் கீழே போடும் ஊசி முந்துகிறது. சிலருக்குக் குமட்டலும் குறையும். அதற்குக் கீழே பெரும்பாலும் குளிசையே போதும். என் பயம் வேறு. பிரஷர் குளிசையைத் தினமும் போட்டுப் பழகிய ஒரு அம்மா, கிழமைக்கு ஒருமுறை போடவேண்டிய ஆறு குளிசைகளையும் மூன்று நாள் தொடர்ந்து போட்டுவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி வந்தார். உறையில் எழுதியது நான்தான், ஆனால் வரிசை நீளம் என்று வாயால் சொல்லவில்லை. வார்ட்டில் வைத்து, மெதோட்ரெக்சேட்டின் நச்சை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் கொடுத்து, நல்ல வேளை தப்பினார்.

அதுக்குப் பிறகு, குளிசை போடும் கிழமையை அவர்களையே தெரிவு செய்யச் சொல்கிறேன். அந்த அம்மா சொன்னது: "திங்கள். வற்றாப்பளை அம்மாளின்ரை நாள், மறக்கமாட்டன்." பக்கவிளைவைக் குறைக்கக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளுக்குக் குறித்துக் கொடுத்தேன்.

இதே முடக்குவாதத்துக்குப் போடும் அடலிமுமாப் போன்ற ஊசிகளின் கதையே வேறு. அது புரதம், விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். வழக்கமாக இரண்டு கிழமைக்கு ஒருக்கா 40 மில்லிகிராம், போடும்வரை 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். அதே நோய்க்கான டொஃபாசிட்டினிப் என்ற குளிசைக்கு பிரிட்ஜ் தேவையில்லை, விரல் மடங்காதவரும் விழுங்கலாம். ஆனால் குளிசைதானே என்று லேசாக எடுக்க முடியாது: இரண்டுக்கும் முதலில் காசநோய்ச் சோதனை வேண்டும், இந்தக் குளிசையில் அக்கி வரும் வாய்ப்பும் கூட, 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் மாரடைப்பு, இரத்தக்கட்டிப் பயம் இருக்கிறது.

ஆகவே இப்போது ஊசி கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்பதுதான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒருவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பிரிட்ஜ் இல்லை அண்ணை, மீன் ஐஸ் பெட்டி கிடக்கு. காணாதோ?"

ஐஸில் பட்டு உறைந்தால் அந்த ஊசியை எறியத்தான் வேண்டும் என்று அவருக்கு விளக்கவே கால் மணித்தியாலம் போனது, பின்னால் வரிசை முணுமுணுத்தது.