கீழே இறங்காத குருவி

ஏப்ரல் 7
டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது. கொடைக்கானலிலிருந்து இறங்கி மே 2-ஆம் தேதி திண்டுக்கல்லில் சேர வேண்டும். வீட்டு ஓனரிடம் சொன்னேன். நல்லதாகப் போச்சு மேடம் என்றார். நான் காலி செய்ததும் பின்பக்கப் புதரை மெஷின் வைத்து வழித்துவிட்டு கார் நிறுத்த இடம் பண்ணப்போகிறாராம். சீசனுக்கு ரூம் விட வேண்டுமே.

அந்தப் புதரில்தான் என் குருவி கூடு கட்டுகிறது.

ஏப்ரல் 8
காலை முழுக்க சமையலறை ஜன்னலிலேயே நின்றேன். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கன்னங்கரேல், மற்றதெல்லாம் ஆரஞ்சு. பெண்ணுக்குத் தலை மங்கிய பழுப்பு. இன்று நான் பார்த்தவரை வேலை எல்லாம் பெண்தான். தன்னைவிட நீளமான காய்ந்த கோரைத் தாளை நடுவில் கவ்விக்கொண்டு வந்தது. பெரணித் தண்டுகளுக்குள் நுழையும்போது தாள் இரண்டு பக்கமும் இடித்தது. கீழே போட்டது, இறங்கி நுனியைப் பிடித்துக்கொண்டது, இழுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டது. கூடு தரையிலிருந்து என் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்காது. பார்த்தால் சருகு சேர்ந்து உருண்டைபோல் நிற்கிறது என்றுதான் தோன்றும். வாசல் பக்கவாட்டில்.

ஏப்ரல் 10
மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும். பழகாதவர்கள் பூச்சி என்று நினைப்பார்கள், அவ்வளவு மெல்லிசு.

ஏப்ரல் 12
தூக்கம் இல்லை. அதே நினைப்பு.

மார்ச் கடைசி வரை பேரிக்காய் மரத்தில் ஒரு காஷ்மீர் ஈப்பிடிப்பான் இருந்தது. ஒருநாள் காலையில் காணோம். காஷ்மீருக்கே போய்விடும், அங்கேதான் குஞ்சு பொரிக்கும். அவ்வளவு சின்ன உடம்போடு நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. புதரில் இருப்பதும் அதே குடும்பம்தான், ஆனால் இது எங்கேயும் போகாது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகள்தான் இதற்கு ஊர். 1,500 மீட்டருக்கு மேலேதான் அதிகம். வத்தலக்குண்டு வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இந்த மாதிரி மலை உச்சிகளை வான் தீவு என்கிறார்கள். கடலுக்குப் பதில் சுற்றிலும் சூடான சமவெளி. பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். அதையே தாண்டாமல் இருந்து இருந்து பறவைகள் வேறு வேறு இனமாகிவிட்டன. அந்தப் பக்கம் நீலகிரிச் சோலைக்கிளிக்கு (பேரில்தான் கிளி, சின்னக் குருவிதான்) விலாவில் செம்பழுப்பு, நம் பக்கத்துச் சோலைக்கிளிக்கு அது கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து 2017-இல்தான் ஷோலிகோலா என்று தனிப் பேரினம் வைத்தார்கள். காலையில் கூட்டமாகச் சிரிக்கிற பழனிச் சிரிப்பானும் இப்படித்தான். 1869-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, இங்கே பறவை சேகரித்த ஃபேர்பேங்க் பாதிரியார் பெயரைச் சேர்த்தார்கள்.

எனக்குக் கீழே போக ஆர்டர் இருக்கிறது, வீடு கிடைக்கும், ஃபேன் போட்டுக்கொள்வேன். இதற்குக் கீழே என்று ஓர் இடமே இல்லை.

ஏப்ரல் 13
மத்தியானம் ஆலங்கட்டி மழை. கூடு இருக்கிறது. இருக்கிறது!

ஏப்ரல் 16
ஓனரிடம் பேசினேன். "மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு மேடம். குருவிதானே, வேற புதர் பாத்துக்கும்."

எந்தப் புதர்? கீழ்ச்சரிவு முழுக்க ரூம் கட்டியாகிவிட்டது. ஓடையோரத்தில் இன்னொரு ஜோடி ஏற்கெனவே இருக்கிறது. இது அந்தப் பக்கம் தலைகாட்டினாலே அந்த ஆண் விரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். புதர் என்றால் காலி மனை என்று நினைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஆள் இருக்கிறது.

கோபத்தில் எதையும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 17
ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை.

ஏப்ரல் 19
பெண்ணை அதிகம் காணவில்லை. அடை உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்தக் குருவி இரண்டு முட்டைதான் இடும். கிட்டே போய்ப் பார்க்க மாட்டேன். நான் நடந்து போன தடத்திலேயே கீரியும் எலியும் வரும்.

அண்டங்காக்கை ஒன்று கூரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. மேல்வீட்டு அக்காவிடம் போய், மீந்த சோற்றை வெளியே கொட்டாதீங்கக்கா, காக்கா பழகிடுச்சு என்றேன். "சரி, நாய்க்கு வச்சுடுறேன், விடு" என்றார். இப்படி ஒரே வார்த்தையில் கேட்டுக்கொள்கிற மனுஷியை விட்டுவிட்டு எங்கே போகிறேன்.

ஏப்ரல் 22
கேமராவோடு ஒரு தம்பி. வட்டக்கானல் பக்கம் சுற்றிவிட்டு வந்தவர். போனில் குரலைப் போட்டால் ஆண் வெளியே வந்துவிடும், இரண்டே நிமிஷம் என்றார். வேண்டாம் என்றேன். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது எல்லா வேலையையும் விட்டுவிட்டு வந்து கத்தும். அந்த நேரத்தில் காக்கை கூட்டைக் கண்டுபிடித்தால்? டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பேசாமல் போனார். நல்ல பிள்ளைதான்.

ஏப்ரல் 24
விடியுமுன் சீகாரப் பூங்குருவி விசில். எவ்வளவு நேரம்! இன்று எல்லாம் சரியாகிவிடும் என்றே தோன்றியது.

ஏப்ரல் 29
பொரித்துவிட்டது! ஆண் பச்சைப் புழுவோடு வந்தது. நேரே போகவில்லை. முதலில் வேலிக் கம்பி, அப்புறம் கீழே ஒரு குச்சி, வாலை இரண்டு முறை அசைத்தது, சுற்றும் பார்த்தது, பிறகுதான் உள்ளே. வெளியே வரும்போது அலகில் வெள்ளையாக ஒரு பொட்டலம், குஞ்சின் எச்சம். அதைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தது. கூட்டடியில் எச்சம் கிடந்தால் வாசனைக்கு யாராவது வந்துவிடுவார்களே.

ஓனருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பவும் போட்டேன்.

ஏப்ரல் 30
மே மாத வாடகை முழுதாகத் தருகிறேன், மெஷினை மட்டும் தள்ளிப்போடுங்கள் என்றேன். இ-பாஸ் எடுத்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், பாதி மாதம் வரை பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்றால் சரியா, இல்லையா? பணத்தை அனுப்பிவிட்டேன்.

மே 1
லாரி வந்து சாமான் ஏற்றியாயிற்று. சத்தம் போடாமல் முன்வாசல் வழியாகவே ஏற்றச் சொன்னேன். ஜன்னலை அக்காவுக்குக் காட்டினேன். புழு கொண்டு வருகிறதா என்று மட்டும் பாருங்கக்கா, பக்கத்தில் போக வேண்டாம்.

மே 4
திண்டுக்கல். வெயில். அக்கா போன் எடுக்கவில்லை.

மே 5
எடுத்தார். இரண்டும் வந்து வந்து போகுதாம். மெஷினை நேற்றே கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் யாரும் அதை ஓட்டவில்லை, ஓனரும் வரவில்லையாம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே மேலே போகிறேன்.