லைட் ரோஸ்ட் போட்டால் கிரைண்டர் திணறி நிற்கிறதா? சோதித்துப் பார்த்த வரிசை

டார்க் ரோஸ்ட் (கருக வறுத்த) காபிக் கொட்டையை மளமளவென்று அரைத்துத் தள்ளும் கிரைண்டரே லைட் ரோஸ்ட் (இளவறுவல்) விழுந்ததும் முனகி நின்றுவிடும். பெரும்பாலும் மோட்டார் பழுதாகியிருக்காது. லைட் ரோஸ்ட்டை முதல் வெடிப்பை (வறுக்கும்போது கொட்டை முதன்முறை வெடித்துச் சத்தம் எழுப்பும் கட்டம்) ஒட்டியே இறக்கிவிடுவதால் கொட்டை அதிகம் உப்புவதில்லை. அடர்த்தியும் கடினமும் கூடுதல். அதை எஸ்பிரெசோவுக்கு இன்னும் நைசாக அரைக்க வேண்டியிருப்பதால் மோட்டார் மேல் சுமை ஏறுகிறது.

நின்ற நொடியே ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். சுற்ற முடியாத மோட்டார் உச்ச அளவு கரண்ட்டை இழுத்துச் சூடாகும். விட்டுவைத்தால் வெப்ப ஃபியூஸோ கண்ட்ரோல் போர்டோ போய்விடும். பிளக்கைப் பிடுங்கி, செட்டிங்கைக் கொரகொரப்புப் பக்கம் திருப்பி, மேல் பர்ரை (கொட்டையை அரைக்கும் பல் கொண்ட பாகம்) கழற்றி, சிக்கியதைப் பிரஷால் எடுக்கவும். நின்ற நிலையில் நைசுப் பக்கம் திருப்பவே கூடாது. பர்களுக்கு நடுவே கொட்டை இன்னும் இறுகிவிடும்.

சுத்தம் செய்த கையோடு, பிளக் போடாமலே பர்ரைச் சுற்றும் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். கரகரவென்று தடுக்கினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வெறுமனே ஓடவிட்டால் உலோகம் உரசும் சத்தம் கேட்கிறதா? செட்டிங் பூஜ்யத்துக்கு (பர்கள் ஒன்றையொன்று தொடும் நிலைக்கு) மிக நெருக்கம், அல்லது பர் நேராக உட்காரவில்லை.

அதிகப் பலன் தந்தது கொட்டை விழும் வேகத்தைக் குறைத்ததுதான். மோட்டாரை முதலில் ஓடவிட்டு, முழு வேகம் எடுத்த பிறகு 18 கிராம் கொட்டையை 20 முதல் 30 நொடிகளில் சிறிது சிறிதாகப் போட்டால், அதே செட்டிங்கில் நிற்காமல் ஓடும். ஒரே நேரத்தில் பர்களுக்கு இடையே சிக்கும் கொட்டை குறைவு என்பதே காரணம். இப்படி அரைத்தால் காபி சற்று வேகமாக இறங்கும். செட்டிங்கை ஒரு கோடு நைசாக்க வேண்டிவரும். ஹாப்பர் (மேலே கொட்டை போடும் கலம்) நிறையக் கொட்டி வைப்பது லைட் ரோஸ்ட்டுக்கு ஒத்துவராது. பாதியில் நிறுத்தினால் பர்ரில் கொட்டை தங்கி, அடுத்த முறை மோட்டார் சுமையோடு கிளம்ப வேண்டியிருக்கும். வேகம் மாற்றும் வசதி இருந்தால் மிகக் குறைந்த ஆர்.பி.எம்.மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) தவிர்க்கவும்.

ஃப்ரீசரில் வைத்த கொட்டை எளிதில் நொறுங்கும், துகளும் சீராக வரும். ஆனாலும் மோட்டார் நிற்பதற்கு அதை மருந்தாக நம்ப வேண்டாம். அரைக்கும் முன் ஓரிரு துளி தண்ணீர் தெளிப்பது நிலைமின்சாரத்தைக் குறைத்து, தூள் ஒட்டுவதைத் தடுக்கும். அதிகமானால் வெளியேறும் வாயிலேயே அப்பிக்கொள்ளும். அந்த வாய் அடைத்தாலும் மோட்டார் திணறும்.

மெதுவாகப் போட்டும் நிற்கிறதா? டார்க் ரோஸ்ட்டிலும் நின்றால் தேய்மானம் பக்கம் போகலாம்: மழுங்கிய பர், தேய்ந்த கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கரித்துண்டு), பல் உடைந்த கியர். கொட்டையே இல்லாமலும் உறுமிக்கொண்டு சுற்றாத இண்டக்‌ஷன் மோட்டாரில் கெபாசிட்டரை (மோட்டார் கிளம்ப உதவும் மின் பாகம்) பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பழகாதவர்கள் தொட வேண்டாம். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கும். நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டுப் பார்க்கவும்.

லைட் ரோஸ்ட்டில் மட்டும் நிற்கிறதென்றால் அது அந்தக் கிரைண்டரின் எல்லை. செட்டிங்கைச் சற்றுக் கொரகொரப்பாக்கி, 18 கிராம் தூளுக்கு 45 முதல் 54 கிராம் வரை காபி இறக்கி, தண்ணீரை 94 முதல் 96 டிகிரி செல்சியஸில் வைத்தால், பெருமளவு புளிப்பு தணிந்து இனிப்பு மேலெழும்.