மேஜைக்குக் கீழே ஒரு மண் வாளி

பாளையங்கோட்டையில் 14 வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மேஜைக்குக் கீழே எப்போதும் ஒரு வாளி மண் இருக்கும். ஊதிப்போன பேட்டரியைக் கழற்றியதும் அதற்குள்தான் போடுவேன். கீறல் பட்டால் போதும், குப்பென்று தீப்பிடித்துவிடும்.

போன வாரம் ஒரு ஆச்சி வந்தார். பேரன் தோஹாவிலிருந்து வாங்கி அனுப்பிய போன். பின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"ஏய்யா, இது அவ்ளோதானாம், புதுசுதான் வாங்கணுமாம். வேற கடையில சொல்லுதாவ."

"பேட்டரிதான் ஆச்சி ஊதியிருக்கு. போன் நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க."

முன்பெல்லாம் மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையில் வந்துவிடும். இப்போது எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஹீட்டரில் மூடியைச் சூடாக்கி, ஓரத்தில் பிளாஸ்டிக் அட்டையைச் செருகி மெதுவாக அறுக்க வேண்டும். பேட்டரிக்கு அடியில் இருக்கும் பசைக்கு இரண்டு சொட்டு தின்னர் விட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் பேட்டரி மடங்கிவிடும். முக்கால் மணி நேரம் ஆனது. ஆச்சி கடையிலிருந்தே தோஹாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

"அவ்ளோதான், புதுசு வாங்குங்க" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் பிழைப்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு ஸ்மார்ட்போனால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே கலந்துவிடுகிறது. நாம் சார்ஜ் போடும் கரண்ட் அதன் முன்னால் கொஞ்சம்தான். அந்த பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட் என்ற உலோகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கொல்வேசி என்ற ஊர்ப் பக்கம் கடப்பாரையும் கோணிப்பையுமாகக் குழிக்குள் இறங்குகிறவர்களில் சிறுவர்களும் உண்டு.

தூக்கிப் போட்ட பிறகு நடப்பது இன்னும் மோசம். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் அக்போக்புளோஷி என்று ஒரு இடம். பழைய வயர்களை டயரோடு போட்டு எரித்துச் செம்பு எடுப்பார்கள். 2021-இல் அந்தக் கிடங்கை அரசு இடித்துவிட்டது. எரிக்கிறவர்கள் பக்கத்திலேயே தொழிலைத் தொடர்ந்தார்கள். இடிப்பதற்கு முன்பு அங்கே மேய்ந்த கோழியின் முட்டையைச் சோதித்த முடிவு 2019-இல் வெளியானது. அந்த முட்டையில் ஒன்றைச் சாப்பிட்டாலே, ஐரோப்பா ஒரு நாளைக்கு அனுமதிக்கும் டையாக்சின் என்ற நச்சைப்போல 220 மடங்கு உடம்புக்குள் போகுமாம். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2022-இல் உலகம் முழுக்க சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். ஐரோப்பாவில் ஆளுக்கு 17.6 கிலோ, ஆப்பிரிக்காவில் ஆளுக்கு 2.5 கிலோ. ஆனால் முட்டை யார் தட்டில் இருக்கிறது பாருங்கள்.

இதை எழுத எனக்கு முழுத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஏனென்றால் 10 வருடம் நானும் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு செத்துப்போனால் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவன்தான். டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். சார்ஜர் ஒரு ரேட், போர்டு ஒரு ரேட். "எங்கண்ணே போகுது இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன். "டெல்லிக்குப் போகுது தம்பி" என்றார். டெல்லி சீலம்பூரிலும் முராதாபாத்திலும் என்ன நடக்கிறது என்று அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். போர்டை அடுப்பில் வாட்டிச் சிப்பைப் பிடுங்கி, மிச்சத்தை அமிலத்தில் ஊறப்போட்டு உலோகம் எடுக்கிறார்கள். பலருக்குக் கையுறைகூடக் கிடையாது. நான் கழற்றிப் போட்ட போர்டும் அந்தத் தொட்டியில் ஊறியிருக்கும்.

அன்றிலிருந்து யாருக்கும் எடைக்குப் போடுவதில்லை. போர்டில் நல்ல ஐசி சிப் இருந்தால் எடுத்து வேறு போனுக்கு வைப்பேன். மற்றதெல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது. முறையாகப் பதிவு செய்த மறுசுழற்சி நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்தேன். டன் கணக்கில் இருந்தால்தான் வண்டி அனுப்புவார்களாம். என்னிடம் இருப்பது 11 கிலோ. திருநெல்வேலியில் என்னைப்போல சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம். என் கடை மாடியில் இடம் இருக்கிறது.