குதிரைத்திறனும் எடையும்: நம் ஊர்ச் சாலைக்கு ஏற்ற அதிவேக செடான் எது?

பி.எம்.டபிள்யூ எம்5 காரின் இன்றைய தலைமுறை 2024-இல் வெளிவந்தது. அதன் 4.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறனையும் 1,000 நியூட்டன் மீட்டர் டார்க்கையும் (சுழற்றும் விசை) தருகின்றன. முந்தைய தலைமுறையின் காம்பெடிஷன் பதிப்பில் இருந்தது 625 குதிரைத்திறன்தான். ஆனாலும் நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட, பழைய காருக்கு 3.3 நொடியும் புதிய காருக்கு 3.5 நொடியும் ஆகின்றன. பழையது ஏறத்தாழ 1,900 கிலோ எடையுள்ளது. புதியதோ 2,400 கிலோவையும் தாண்டிவிட்டது. கூடுதலாகக் கிடைத்த நூறு குதிரைத்திறனைக் கூடுதல் எடையே விழுங்கிவிட்டது.

வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு நாகர்கோவிலுக்கே திரும்பிவிட்ட என் அத்தான், இந்த வகைக் கார் ஒன்றை வாங்கலாமா என்று அண்மையில் என்னிடம் கேட்டார். "குதிரைத்திறன் இருக்கட்டும் அத்தான், முதல்ல எடையைப் பாருங்க" என்றேன். அன்று அவரிடம் சொன்னவற்றையும் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெரிய செடான் சமதளத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்குப் பத்துக் குதிரைத்திறன் அளவே தேவைப்படுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்துக்கே இருபதை ஒட்டித்தான் வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியே கேரளத்துக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையில், பேருந்துக்குப் பின்னால் நாற்பதிலும் முப்பதிலும் ஊர்ந்து போகும்போது அந்தப் பத்துகூட வேண்டியதில்லை. பெட்ரோல் என்ஜின் சிக்கனத்தை இழப்பது இப்படிப்பட்ட ஓட்டத்தில்தான். காற்று உள்ளே போகும் வழியிலுள்ள த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்க, எட்டு சிலிண்டர்களின் பிஸ்டன்களும் அந்தச் சிறு இடைவெளி வழியே காற்றை இழுக்கப் பாடுபடுகின்றன. எரிபொருளில் ஒரு பங்கு இந்தப் போராட்டத்துக்கே செலவாகிறது. ஆகவே ஒரு காரின் திறமையை அதன் உச்ச வேகத்தில் தேடுவதைவிட, அது சும்மா உருளும் நேரத்தில் என்ன குடிக்கிறது என்பதில் தேடுவதே நமக்குப் பொருத்தம்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் கண்ட விடைதான், பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரையும் மின்கலத்தையும் சேர்க்கும் ஹைப்ரிட். எம்5 காரின் மின்கலம் 18.6 கிலோவாட்-மணி கொள்ளளவுடையது. ஐரோப்பியச் சோதனைமுறைக் கணக்கில் அது அறுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோலே இல்லாமல் ஓடும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்ப அது தாராளமாகப் போதும். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63 எடுத்துக்கொண்ட வழி வேறு. பழைய வி8 என்ஜினைக் கைவிட்டு, இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினோடு பின் அச்சில் மின்மோட்டாரைச் சேர்த்து 680 குதிரைத்திறனை எட்டினார்கள். அதன் மின்கலம் 6.1 கிலோவாட்-மணிதான், மின்சாரத்தில் மட்டும் பதின்மூன்று கிலோமீட்டர் போகும். வேகமாக நிரம்பி வேகமாகத் தீர்வதற்கென்றே செய்த மின்கலம் அது. இரண்டு டன்னைத் தாண்டிய காருக்கு உந்துதல் தருவதே அதன் வேலை. பொறியியலாக அதை நான் வியக்கிறேன். அன்றாடப் புழக்கத்துக்கு எம்5 காரின் வழியே நேர்மையானது என்பேன், வீட்டில் இரவில் சார்ஜ் போடும் வசதி இருந்தால் மட்டும். அந்த வசதி இல்லாத வீட்டில், பாதி நாள் பயன்படாத மின்கலத்தைச் சுமந்து திரிவதற்காகவே பெட்ரோல் செலவாகும்.

எடையின் விலை பெட்ரோலோடு நிற்பதில்லை. எம்5 காரின் பின்சக்கர டயர் 295 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதன் பக்கச்சுவரின் உயரமோ பத்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். தார் விளிம்பு உடைந்து மண்ணுக்கு இறங்கும் இடங்களில், இரண்டரை டன்னை நெருங்கும் கார் இறங்கி ஏறும்போது, அடியைத் தாங்க ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் இருப்பது அந்தப் பத்து சென்டிமீட்டர் ரப்பர் மட்டுமே. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. தேங்கிய நீரில் அகலமான டயர் சீக்கிரமாகவே மிதக்கத் தொடங்கும். ஒன்றை மட்டும் எடைக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்கு நடுவே பக்கவாட்டுக் காற்று அறைகிற மாதங்களில், கனமான கார் தன் தடத்தைவிட்டு எளிதில் விலகுவதில்லை.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் மனம் மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின் பக்கமே சாய்கிறது. பி.எம்.டபிள்யூவின் 'எம்340ஐ' என்ற செடான் அதற்கு நல்ல சான்று. 374 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 4.4 நொடி, எடையோ ஒன்றே முக்கால் டன்னை ஒட்டியே நிற்கிறது. சென்னை அருகிலேயே பாகங்களைப் பொருத்தி உருவாக்கப்படுவதால் விலையும் எம்5 காரின் பாதியைத் தொடுவதில்லை. சர்வீஸுக்குத் திருவனந்தபுரமோ மதுரையோ போக வேண்டிய நமக்கு, இரண்டு வகை இயந்திரங்களைப் பராமரிப்பதைவிட ஒன்றைப் பராமரிப்பது சுலபம்.

வாங்க நினைப்பவர்கள் டெஸ்ட் டிரைவின்போது ஸ்போர்ட் மோடைத் தொடாமல், நாற்பதிலிருந்து எண்பதுக்கு ஒரு லாரியை முந்திப் பாருங்கள். ஹைப்ரிட் என்றால் மின்கலம் தீர்ந்த நிலையிலும் அதையே செய்து பாருங்கள். நான்கு பேரை ஏற்றி, டிக்கியில் பெட்டிகளையும் வைத்து, உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.