உறையையும் எறியாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு ஒரு கடிதம் காட்டினார். 1970களில் யாழ்ப்பாணத்து நூலகர் ஒருவர் கைப்பட எழுதியது. டீச்சர் கேட்ட புத்தகம் தங்களிடம் இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, மீதி இரண்டு பக்கமும் அது வேறு எங்கே கிடைக்கலாம், யாரை விசாரிக்கலாம் என்று எழுதியிருந்தார்.

"காணி உறுதியும் பிள்ளையளின்ர சேட்டிபிக்கட்டும் இருந்த பைக்குள்ள இதுவும் கிடந்திருக்கு, தம்பி. 2009ல அந்தப் பையைத் தோளால இறக்கேல்லை."

நூலகர்களும் எழுத்தாளர்களும் எழுதிய கடிதங்களை நான் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அங்கே வந்த கடிதங்கள் எரிந்திருக்கும். ஆனால் அங்கிருந்து எழுதிப் போட்டவை அங்கே இருக்கவில்லையே! அவை முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் யாரோ ஒருவரின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டிகளைத் தேடித்தான் நான் வீடு வீடாகப் போகிறேன். எத்தனையோ இடப்பெயர்வுகளில் தொலைந்துபோனவைதான் அதிகம்.

1990களில், போரின்போது வடக்குக்குப் பொருட்கள் வரவிடாமல் தடுத்த பொருளாதாரத் தடைக் காலத்துக் கடிதங்களைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம். கொப்பித் தாளைக் கிழித்து, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, இடம் முடிந்ததும் தாளைத் திருப்பி ஓரத்திலும் எழுதியிருப்பார்கள். எழுத்தாளர் ஒருவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விளக்குப் புகை படிந்த இடமிருக்கிறது. அடித்துத் திருத்திய சொற்களும் அப்படியே இருக்கின்றன. அச்சில் வந்த அவருடைய கதைகளில் இல்லாத தயக்கம் அதில் தெரிகிறது. எனக்கு அந்தத் தயக்கம்தான் பெரிய சொத்து.

ஆரம்பத்தில் ஒரு பிழை விட்டேன். பாதுகாக்கிறேன் என்று நினைத்து ஒரு கடிதத்துக்கு லேமினேற் அடித்துவிட்டேன். சூட்டில் பிளாஸ்ரிக் தாளோடு ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. அதை இன்றைக்கும் கையில் எடுக்கும்போது மனம் கனக்கிறது. இப்போது செலோ டேப்பும் ஒட்டுவதில்லை. துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றி, பென்சிலால் மட்டும் இலக்கமிட்டு, அமிலம் இல்லாத தாளுக்குள் வைக்கிறேன். மை பேனைக் கடிதமென்றால் ஈரக்கை படவே கூடாது.

வீடுகளில் நான் கெஞ்சிக் கேட்பது உறையைத்தான். கடிதத்தில் திகதி போடாதவர்கள் நிறையப் பேர். தபால் முத்திரையின் மேல் குத்திய சீலில் ஊரும் நாளும் இருக்கும். உறை குப்பைக்குப் போனால் கடிதம் எந்த வருடத்தது என்று கண்டுபிடிக்கப் பல கிழமை போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாள் பெற்றவருக்குச் சொந்தம் என்றாலும் எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் குடும்பத்துக்கும்தான். இலங்கைச் சட்டப்படி அது அவர் இறந்து 70 வருடம் வரை செல்லும். அதனால் குடும்பத்திடம் கேட்காமல் ஒரு வரியைக்கூட நான் வெளியிடுவதில்லை. கடன், நோய், மனத்தாங்கல் என்று வீட்டுக் கதைகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

டீச்சர் தன் கடிதத்தைத் தருவதாகத்தான் இருந்தார். பிறகு யோசித்து, "படம் எடுத்துக்கொண்டு தாங்கோ" என்றார். சரி என்று ஸ்கான் பண்ணி, மறுகிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, காணி உறுதிக்கு மேலே வைத்துப் பையின் சிப்பை இழுத்தார்.